வலென்சியாவில் மதியச் சாப்பாடு: கரும்பலகையில் எழுதியிருப்பதும் எழுதாததும்

பாடசாலை விடுமுறை நெருங்கும்போது எனக்கு இரண்டு விதமான தொலைபேசி அழைப்புகள் வரும். ஒன்று வரிப் படிவம் பற்றியது. மற்றது, "அண்ணை, ஸ்பெயினுக்குப் போறம். பிள்ளையளோட போனால் சாப்பாட்டுக்கு எவ்வளவு முடியும்?" என்பது. முதலாவதற்குப் பதில் சொல்வது என் தொழில். இரண்டாவதற்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கு வந்தது வலென்சியாவில் ஐந்து தடவை மதியச் சாப்பாட்டுக்கு அலைந்ததால். முதல் தடவை அலைந்தது முழுக்க என்னுடைய பிழை.

நான் யாழ்ப்பாணத்தில் வணிகமாணிப் பட்டம் முடித்துவிட்டுப் பாரிசுக்கு வந்து, நம்மில் பலரைப் போலவே, உணவகக் குசினிகளில் கோப்பை கழுவியவன். ஆறு வருடம் கழுவினேன். பிறகுதான் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் மேசை கிடைத்தது. கிடைத்த வேலையும் சிறிய உணவகங்களுக்குக் கணக்கு எழுதுவதுதான். ஆகவே ஒரு சாப்பாட்டுக்கடையின் பின்கதவையும் கணக்குப் புத்தகத்தையும் தெரியும். முன்கதவால் போய் வாடிக்கையாளராக உட்கார்வதுதான் நீண்டகாலம் பழக்கமில்லாமல் இருந்தது. விடுமுறைக்குப் போனாலும் காரின் பின்பெட்டியில் புளிச்சோறும் அவித்த முட்டையும் இருக்கும். நெடுஞ்சாலை ஓரத்தில் பாய் விரித்துச் சாப்பிடுவோம். பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது அது அவர்களுக்குச் சுற்றுலா. பதின்மூன்று வயதில் மகள் காரை விட்டு இறங்க மறுத்தாள்.

அந்த வருடம்தான் "இந்த முறை கடையில் சாப்பிடுவம்" என்று வாக்குக் கொடுத்தேன். வலென்சியாவில் பேராலயத்துக்குப் பக்கத்துச் சதுக்கம் ஒன்றில், படம் போட்ட பெரிய பலகை வைத்திருந்த கடையில் உட்கார்ந்தோம். நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள், மாமி. நான்கு பேருக்கு பாயெல்லா, மாமிக்குச் சலாட், ஆளுக்கொரு பானம். பில் 121 யூரோ. பாயெல்லா 72, சலாட் 12, பானங்கள் 20, நாங்கள் கேட்காமலே மேசைக்கு வந்த பாணுக்கு 10, வெளியே குடைக்குக் கீழே இருந்ததற்கு 7. சோறு குளிரூட்டியிலிருந்து எடுத்துச் சூடாக்கியது என்பது முதல் வாயிலேயே தெரிந்தது. குசினியில் நின்றவனை அதில் ஏமாற்ற முடியாது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் சுப்பர்மார்க்கெட்டில் பாணும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு விடுதிக்குத் திரும்பும் வழியில், இரண்டு தெரு தள்ளி, கட்டட வேலைக்காரர்கள் நிரம்பியிருந்த ஒரு சிறிய கடையின் வாசலில் கரும்பலகையைக் கண்டேன். ஆளுக்கு 12.50 யூரோ. இரண்டு கறிவகை, பாண், பானம், பழம் எல்லாம் சேர்த்து. ஐந்து பேருக்கு 62.50. முதல் நாள் கொடுத்ததில் கிட்டத்தட்டச் சரிபாதி. அதற்குள் அரசாங்கத்துக்குப் போகும் 10 வீத வரியான 5.68 யூரோவும் அடங்கும். வாழைப்பழத்தை இரவுக்கு வைத்துக்கொண்டோம்.

அந்தக் கரும்பலகையின் பெயர் "மெனு டெல் தியா". அன்றைய நாளின் சாப்பாடு என்று பொருள். ஸ்பெயின் முழுவதும் உண்டு. வார நாட்களில், மதியத்தில் மட்டும். இன்றைக்கு ஒரு சாதாரண அயலில் 12 யூரோவிலிருந்து 16 யூரோ வரை இருக்கும். சனி, ஞாயிறு என்றால் விலை கூடும் அல்லது மெனுவே இருக்காது.

இதன் பிறப்பு கொஞ்சம் விசித்திரமானது. 1960களின் நடுப்பகுதியில், பிராங்கோவின் ஆட்சியில், தகவல் மற்றும் சுற்றுலா அமைச்சராக இருந்தவர் மனுவெல் ஃபிராகா இரிபார்னே. வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் கூட்டம் கூட்டமாக வரத் தொடங்கிய காலம். உணவகங்கள் நிலையான விலையில் ஒரு "சுற்றுலா மெனு" கொடுக்கவேண்டும் என்று அரசு கட்டாயமாக்கியது. 1965ஆம் ஆண்டு மார்ச்சில் வந்த ஆணை உணவகங்களை முள்ளுக்கரண்டிகளால் தரம் பிரித்தது. விடுதிக்கு நட்சத்திரம் போல உணவகத்துக்கு ஒன்று முதல் ஐந்து முள்ளுக்கரண்டி வரை. சில பழைய கடைகளின் வாசலில் இன்னும் அந்தச் சின்னத்தைக் காணலாம். வெளிநாட்டவருக்கென்று தொடங்கியதை உள்ளூர் வேலையாட்கள் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். கட்டாயம் காலத்தோடு போய்விட்டது, பழக்கம் போகவில்லை. இன்று சுற்றுலாப் பயணிகள் படப் பலகைக் கடையிலும் உள்ளூர்க்காரர் மெனுவிலும் சாப்பிடுகிறார்கள் என்பது அந்த அமைச்சர் எதிர்பார்க்காத முடிவாக இருக்கும்.

இனிப் பலகையை எப்படி வாசிப்பது என்று பார்ப்போம். "பிரிமெரோஸ்" என்ற தலைப்பின் கீழ் மூன்று நான்கு முதல் உணவுகள் இருக்கும்: சூப், பருப்பு வகை, சலாட், சோறு அல்லது பாஸ்தா. "செகுண்டோஸ்" என்பதன் கீழ் மீனும் இறைச்சியும். ஒவ்வொன்றிலும் ஒன்றைத் தெரிவு செய்யவேண்டும். முதலாவது சின்னத் தொடக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். அதுவும் ஒரு முழுக் கோப்பைதான். கடைசியில் "போஸ்த்ரே", அதாவது இனிப்பு அல்லது பழம். "போஸ்த்ரே ஓ கபே" என்று நடுவில் "ஓ" இருந்தால் இனிப்பு அல்லது கோப்பி, இரண்டில் ஒன்றுதான். அந்த ஓர் எழுத்தைக் கவனிக்காமல் இரண்டும் எடுத்துவிட்டு பில்லில் கோப்பியைக் கண்டு வாதாடியவர்களை அறிவேன். "பான்" என்பது பாண்தான். நாங்கள் சொல்லும் பாண் போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது. அவர்களுடைய மொழியும் ஸ்பானிய மொழியும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்பதால் மாமிக்கு அங்கே முதலில் விளங்கிய சொல் அதுதான்.

"பெபிதா" என்றால் பானம். ஒரு கிண்ணம் வைன், பியர், சோடா அல்லது தண்ணீர்ப் போத்தல், ஏதாவது ஒன்று விலைக்குள் அடங்கும். அதற்கு மேல் தண்ணீர் வேண்டுமென்றால் "ஆகுவா டெல் கிரிஃபோ" என்று கேளுங்கள். குழாய்த் தண்ணீர். 2022ஆம் ஆண்டின் கழிவுச் சட்டம் உணவகங்கள் அதை இலவசமாகக் கொடுக்கவேண்டும் என்கிறது. பிளாஸ்டிக் போத்தலைக் குறைக்க வந்த சட்டம், நமக்கும் உதவுகிறது. வலென்சியாக் குழாய்த் தண்ணீர் கொஞ்சம் கடினமானது, கிணற்று நீர் போல வாயில் நிற்கும். குடிக்கலாம், ஒன்றும் செய்யாது.

"இவா இன்க்லுயிதோ" என்று எழுதியிருந்தால் வரி உள்ளடங்கியது. பட்டியலில் விலை போடாத எதையும் பில்லில் ஏற்ற முடியாது என்பதையும் நினைவில் வைத்திருங்கள். பாணுக்கோ வெளிமேசைக்கோ தனிக்காசு எடுப்பதென்றால் அது முன்கூட்டியே பட்டியலில் இருக்கவேண்டும். நான் 121 யூரோ கொடுத்த கடையில் அது இருந்தது, கடைசிப் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில். ஆகவே வாதாட ஒன்றும் இருக்கவில்லை. உண்மையாகவே அநியாயம் நடந்தால் "ஓஹாஸ் தே ரெக்லமசியோனெஸ்", அதாவது முறைப்பாட்டுப் படிவம் கேட்கலாம். ஒவ்வொரு கடையும் வைத்திருக்கவேண்டும். பெரும்பாலும் கேட்டவுடனேயே பில் திருந்திவிடும். சந்தோசக் காசு கட்டாயமில்லை. சில்லறையை விட்டுவிட்டு வருவார்கள், அவ்வளவுதான்.

இந்த விலைக்கு எப்படிக் கொடுக்கிறார்கள், பழைய சாப்பாடோ என்ற சந்தேகம் எங்கள் ஆட்களுக்கு வருவது இயல்பு. மலிவென்றால் பயப்படுவோம், விலையென்றாலும் பயப்படுவோம். கணக்கைப் பாருங்கள். 14 யூரோ மெனுவில் வரி போக கடைக்காரருக்கு மிஞ்சுவது 12.73. சாப்பாட்டுப் பொருட்களின் செலவு விற்பனையில் மூன்றில் ஒன்றைத் தாண்டக்கூடாது என்பது இந்தத் தொழிலில் பொதுவாகச் சொல்லும் அளவு. அப்படியென்றால் உங்கள் கோப்பைக்கு நாலேகால் யூரோ. அதில் முதலாவது உணவு பருப்போ சோறோ என்றால் ஒரு யூரோவும் வராது; மிச்சம் மீனுக்குப் போகலாம். மலிவான முதலாவது, விலையான இரண்டாவதைச் சுமக்கிறது. வாடகையும் சமையற்காரரின் சம்பளமும் கடை வெறுமையாக இருந்தாலும் கட்டவேண்டியவை. ஆகவே ஒரு மேசையில் ஒன்றரை மணிக்கு ஒரு குழு, மூன்று மணிக்கு இன்னொரு குழு என்று இரண்டு தடவை ஆட்கள் மாறினால், ஒவ்வொரு சாப்பாட்டிலும் மிஞ்சும் சின்னக் காசு சேர்ந்து வாடகையைக் கட்டிவிடும். தெரிவுகள் குறைவாக இருப்பதும் இதற்காகத்தான். முப்பது வகை கொடுக்கும் கடையில்தான் பொருட்கள் குளிரூட்டியில் கிடந்து பழசாகும். ஏழு வகை கொடுக்கும் கடையில் அன்றன்றே தீரும். நேற்றுப் பொரித்த கோழியில் மிஞ்சியது இன்றைக்குக் குரோக்கெத்தாவாக வரலாம். எங்கள் அம்மாமாரும் நேற்றைய பாணை இன்றைக்கு வேறு வேடம் போட்டுத் தந்தவர்கள்தானே.

முக்கியமான பாதுகாப்பு இன்னொன்று. இந்தக் கடைகளுக்கு வருபவர்கள் நாளைக்கும் வரும் ஆட்கள். அலுவலக ஊழியர், ஆசுப்பத்திரித் தாதிமார், தனியாக இருக்கும் ஓய்வூதியர். பல நிறுவனங்கள் ஊழியர்களுக்குச் சாப்பாட்டு அட்டை கொடுக்கின்றன. வேலைநாள் ஒன்றுக்கு 11 யூரோ வரை அதற்கு வருமான வரி இல்லை. அந்த அட்டையை வாங்கும் கடை, அந்த ஆளை இழக்க விரும்பாது. ஆகவே கடை தேடும்போது கூகிள் நட்சத்திரங்களை விட, உள்ளே தனியாக இருந்து பத்திரிகை பார்த்துக்கொண்டு சாப்பிடும் வயதானவர் யாராவது இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் உள்ளே போங்கள்.

எங்கே தேடுவது? பேராலயத்தைச் சுற்றிய சதுக்கங்களை விட்டுவிடுங்கள். 1928இல் திறந்த மத்திய சந்தையின் பின்பக்கத் தெருக்களில் கிடைக்கும். சந்தையே பார்க்கவேண்டிய இடம். ஞாயிறு பூட்டு, மற்ற நாட்களில் மதியம் மூன்று மணியோடு முடியும். ருசாஃபா இப்போது நாகரிகமாகிவிட்டது, ஆனால் அதன் சந்தைக்குப் பக்கத்தில் பழைய கடைகள் இன்னும் உண்டு. நான் அதிகம் போவது பெனிமக்லெத். முன்பு தனிக் கிராமமாக இருந்து நகரத்துக்குள் அகப்பட்ட இடம். பல்கலைக்கழகம் பக்கத்தில் இருப்பதால் மாணவர்கள் கூட்டம், அதனால் விலையும் அடங்கியிருக்கும். மெட்ரோ போகிறது. கடற்கரைப் பக்கம் என்றால் மீனவர் குடியிருப்பாக இருந்த கபன்யால், கடலை ஒட்டிய வரிசையில் அல்ல, அதற்குப் பின்னால் உள்ள தெருக்களில்.

நேரம்தான் பலரைத் தடுமாற வைப்பது. பன்னிரண்டு மணிக்குப் பசித்துப் போனால் குசினி திறந்திருக்காது. அந்த நேரத்தில் சாப்பாடு தரும் கடை உங்களைப் போன்ற வெளியாட்களை நம்பி நடக்கும் கடை. ஒன்றரைக்குத் தொடங்கி மூன்றரை, நான்கோடு முடிப்பார்கள். ஸ்பெயின் இருக்கும் தூரத்துக்கு லண்டன் நேரம்தான் பொருந்தும். 1940இல் பிராங்கோ அரசு மணிக்கூட்டை ஜெர்மனியின் நேரத்துக்கு நகர்த்தி, அது அப்படியே நின்றுவிட்டது. ஆகவே சூரியனைப் பார்த்தால் அவர்களுடைய இரண்டு மணி அவ்வளவு பிந்தியதல்ல. சின்னப் பிள்ளைகள் இருந்தால் பத்து மணி வாக்கில் உள்ளூர்க்காரர் போல "அல்முவெர்சோ" சாப்பிடலாம். வலென்சியாவில் இது காலைக்கும் மதியத்துக்கும் நடுவே வரும் பெரிய விசயம்: அரை முழம் பாணுக்குள் ஏதாவது வைத்து, பக்கத்தில் ஒலிவும் நிலக்கடலையும், ஒரு பானம், கடைசியில் கோப்பி. பாணுக்குள் கணவாய் அல்லது முட்டை உருளைக்கிழங்கு கேளுங்கள். "கபாயோ" என்றிருந்தால் அது குதிரை இறைச்சி. பெயர் அழகாக இருக்கிறது என்று மகன் ஒருதடவை கையைக் காட்டினான், நல்லவேளை தீர்ந்துபோயிருந்தது.

இனி நம்மவர்களுக்கு மிகவும் வேண்டிய பகுதி. கட்டாயம் வாசியுங்கள்.

இரண்டாவது பயணம் ஒரு வெள்ளிக்கிழமை. மாமி வெள்ளி, செவ்வாய் மச்சம் தொடமாட்டார். பலகையில் "கிசாந்தெஸ்" இருந்தது, பச்சைப் பட்டாணி. இதைவிடச் சைவம் வேறு என்ன என்று எடுத்துக் கொடுத்தேன். இரண்டு கரண்டி சாப்பிட்டபின் கேட்டார்: "தம்பி, இந்தச் சிவப்பாக் கிடக்கிறது என்ன, கரட்டோ?" நான் எட்டிப் பார்த்தேன். பொடியாக வெட்டிய பன்றித் தொடை. என் முகத்தைப் பார்த்தே அவருக்கு விளங்கிவிட்டது. கரண்டியை மெதுவாக வைத்தார். தண்ணீர் குடித்தார். "நீர் தெரிஞ்சே தந்தனீர், சாப்பிடும்" என்று எனக்கே ஆறுதல் சொன்னார். விடுதிக்குப் போய்த் தலை முழுகி, மறுநாள் காலை வரை ஒன்றும் வாயில் வைக்கவில்லை. கப்பலும் காடும் கடந்து இத்தனை நாட்டு முகாம்களிலும் விடாமல் வைத்திருந்த ஒன்றை, நான் ஒரு விடுமுறையில் உடைத்துவிட்டேன்.

பரிமாறிய பெண்ணில் பிழையில்லை. நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் "கார்னே இல்லை" என்று சொல்லியிருக்கலாம். ஏனென்றால் அங்கே பலருடைய கணக்கில் "கார்னே" என்பது துண்டாகக் கிடக்கும் இறைச்சி. "ஹமோன்" என்ற பன்றித் தொடை, உப்பு மிளகாய் போல ஒரு சுவைப் பொருள். ஆகவே "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்காதீர்கள். "சின் கார்னே, சின் ஹமோன், சின் அத்தூன்" என்று மூன்றையும் சொல்லவேண்டும். கடைசியது சூரை மீன். கலவைச் சலாட்டில் சொல்லாமலே வரும். "கால்தோ தே கார்னே?" என்று கேட்டால், சூப் இறைச்சித் தண்ணீரில் வைத்ததா என்று கேட்டதாகும்.

மறைவாக வருபவை: "லென்தெஹாஸ்" எங்கள் மைசூர்ப் பருப்பின் உறவுதான், ஆனால் பெரும்பாலும் உள்ளே பன்றிச் சொசேஜ் கிடக்கும். போஞ்சியும் பட்டாணியும் ஹமோனோடு வரும். தக்காளியில் செய்யும் குளிர் சூப்புகளில் கஸ்பாச்சோ பெரும்பாலும் சைவம், சல்மொரெஹோவின் மேலே ஹமோனும் முட்டையும் தூவியிருக்கும். "எஸ்கர்ராயெட்" என்ற வலென்சியா உணவு சுட்ட சிவப்பு மிளகாய் போலத் தோன்றும், உள்ளே உப்புக் கருவாடு போன்ற கொட் மீன். குரோக்கெத்தாவை உடைத்துப் பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது.

மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களுக்கு: "தெர்னேரா", "வாக்கா", "புவெய்" மூன்றும் மாடு. "அல்போந்திகாஸ்" என்ற இறைச்சி உருண்டையில் மாடும் பன்றியும் கலந்திருக்கும். "லோமோ" என்று மட்டும் போட்டால் பன்றி என்று எடுத்துக்கொள்ளுங்கள், "செக்ரெத்தோ"வும் பன்றிதான். "சொலொமியோ" இரண்டில் எதுவாகவும் இருக்கலாம், கேட்கவேண்டும். "போயோ" கோழி, "கொனெஹோ" முயல். மீனில் "மெர்லூசா" எங்கும் கிடைக்கும், முள் குறைவு, பிள்ளைகளுக்கு நல்லது. "செபியா" எங்கள் கணவாய். தகட்டில் வாட்டி உள்ளியும் பாசிலியும் போட்டுத் தருவார்கள். எலுமிச்சம் புளி விட்டு, கைப்பையில் கொண்டுபோன மிளகாய்த்தூளைக் கொஞ்சம் தூவினால் ஊர் நினைவு வரும். ஆம், கொண்டுபோவோம். வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் சமைத்தவர் பார்க்காத நேரத்தில் தூவுங்கள்.

மாமிக்கு இப்போது நாங்கள் எடுப்பது "எர்விதோ". உருளைக்கிழங்கு, போஞ்சி, வெங்காயம் அவித்து ஒலிவ் எண்ணெய் விட்டது. வலென்சியா வீடுகளில் இரவுச் சாப்பாடு, சில கடைகளில் மதியத்துக்கும் உண்டு. இல்லாவிட்டால் "பிஸ்தோ" என்ற கத்தரிக்காய், தக்காளிக் கூட்டு, முட்டையை நிறுத்தச் சொல்லி. இரண்டாவதுக்கும் முதலாவது வரிசையிலிருந்தே இன்னொன்றை எடுக்கலாமா என்று கேட்டால் அநேகமாக ஓம் என்பார்கள். அவர்களுக்கும் செலவு குறைவு. பிள்ளைகளுக்கு "அர்ரோஸ் அ லா குபானா": வெள்ளைச் சோறு, தக்காளிச் சாறு, பொரித்த முட்டை. இரண்டு வெவ்வேறு நாட்டில் பிறந்த என் மருமக்களும் அதில் மட்டும் ஒற்றுமை. முடிவில் "அர்ரோஸ் கொன் லெச்சே" வந்தால் விடாதீர்கள். பாலும் அரிசியும் சீனியும் கறுவாவும் எலுமிச்சைத் தோலும். மாமி அதைப் பாற்சோறு என்றுதான் சொல்கிறார்.

ஒரு மெனுவை இரண்டு பேர் பகிர்வதைக் கடைகள் விரும்புவதில்லை. அதற்குப் பதிலாக "மெதியோ மெனு", அதாவது ஒரு உணவு மட்டும் கொண்ட அரை மெனு இருக்கிறதா என்று கேட்கலாம். சின்ன வயிற்றுக்கு "பிளாத்தோ கொம்பினாதோ" என்ற ஒற்றைக் கோப்பையும் போதும்.

பாயெல்லாவைப் பற்றிச் சொல்லாமல் போனால் வலென்சியாக்காரர் கோபிப்பார்கள். அவர்களுடைய பாயெல்லாவில் கடலுணவு இல்லை. கோழி, முயல், தட்டைப் போஞ்சி, பெரிய வெள்ளை அவரை விதை, தக்காளி, குங்குமப்பூ. சில வீடுகளில் நத்தையும். மதியத்தில்தான் சாப்பிடுவார்கள், ஞாயிறு குடும்பமாக. பட்டியலில் இருந்து எடுத்தால் குறைந்தது இரண்டு பேருக்கு என்பார்கள், காத்திருக்கவும் வேண்டும். மெனுவிலோ பெரிய தாச்சியில் ஒரேயடியாக வைத்து ஆளுக்கொரு கோப்பை கொடுப்பார்கள். அது இரண்டு மணிக்கு நல்லது, மூன்றரைக்குக் குழைந்துவிடும். சோறு உள்ள நாளில் நேரத்துக்குப் போங்கள். அடியில் பிடித்த காந்தலுக்கு "சொக்கர்ராத்" என்று பெயர் வைத்து அதற்குச் சண்டை போடுவார்கள். சட்டியைச் சுரண்டி அடிச்சோற்றுக்கு அடிபட்டு வளர்ந்தவர்களுக்கு இது விளங்கும்.

அந்த அரிசி நகரத்துக்குத் தெற்கே அல்புஃபேரா ஏரியைச் சுற்றிய வயல்களில் விளைவது. மே மாதம் விதைத்து செப்டெம்பரில் வெட்டுவார்கள். நீர்ப்பாசனமும் நெல்லும் முஸ்லிம்கள் ஆண்ட காலத்து வழி வந்தவை. வியாழக்கிழமை நகரத்தில் இருந்தால் பன்னிரண்டு மணிக்குப் பேராலயத்தின் அப்போஸ்தலர் வாசலுக்குப் போங்கள். எட்டு வாய்க்கால்களின் சார்பில் எட்டுக் கமக்காரர் வட்டமாக உட்கார்ந்து தண்ணீர் வழக்குகளைத் தீர்ப்பார்கள். சட்டத்தரணி இல்லை, எல்லாம் வாய்மொழி. 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பெரும்பாலும் வழக்கே இல்லாமல் சில நிமிடங்களில் முடிந்துவிடும். பிறகு சந்தையைச் சுற்றிப் பார்த்தால் சாப்பாட்டு நேரம் சரியாக வரும்.

இந்த விவரங்களையெல்லாம் நான் சேர்த்து வைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. சகோதரங்கள் நாங்கள் நால்வர், நான்கு நாட்டில். அக்கா லண்டன், தம்பி சுவிஸ். கடைசியாக வெளிக்கிட்ட சித்தப்பாவின் மகனும் எங்களோடு வளர்ந்தவன்தான், இத்தாலியில், இரவில் அலுவலகங்கள் துப்புரவு செய்கிறான். அவனுக்குக் கடதாசி கிடைத்து மூன்று வருடம். குடும்ப ஒன்றுகூடல் என்றால் ஒவ்வொரு முறையும் அவனுக்கு "வேலை". ஏனென்று எங்களுக்குத் தெரியும். சுவிஸ் தம்பி நல்ல மனதோடு எல்லாருக்கும் பில் கட்டுவான். அடுத்தமுறை இவன் வரமாட்டான். நான் கட்டினாலும் அதேதான்.

போன வருடம் பெப்ரவரி விடுமுறையில் வலென்சியாவில் கூடினோம். அவனிடம் தொலைபேசியில் முதலே சொல்லிவிட்டேன்: மதியம் ஒரு நேரம் சேர்ந்து சாப்பிடுவம், ஆளுக்கு 14 யூரோ, எல்லாருக்கும் அதே சாப்பாடு, அவரவர் காசு அவரவர். விமானச்சீட்டு மலிவாகக் கிடைத்த செவ்வாயில் வந்தான். பெனிமக்லெத்தில் மூன்று மேசையை ஒட்டிப் போட்டுப் பதினொரு பேர் இருந்தோம். பில் 154. அவன் தன் 14 யூரோவைச் சில்லறையாக எண்ணி மேசை நடுவில் வைத்தான். தம்பி வாயைத் திறக்கப் பார்த்தான், நான் காலால் ஒரு தட்டுத் தட்டினேன். பிறகு அவன் கோப்பிக்குச் சொன்னான், பதினொரு பேருக்கும், தன்னுடைய கணக்கில். கோப்பி ஒன்று ஒன்றரை யூரோதான். ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

காலத்தைப் பற்றி ஒன்று. நாங்கள் அநேகமாகப் போவது ஓகஸ்டில். ஆனால் நான் சொன்ன மாதிரியான கடைகளில் பாதி ஓகஸ்டில் பூட்டிவிடும், கதவில் "செர்ராதோ போர் வக்கசியோனெஸ்" என்று கடதாசி ஒட்டியிருக்கும்; அவர்களும் விடுமுறை போகத்தானே வேண்டும். மார்ச் 15 முதல் 19 வரை ஃபாயாஸ் திருவிழா, விலை ஏறும், மெனு மறையும். திங்களில் மீன் எடுக்காதீர்கள், ஞாயிறு கடலுக்குப் போவதில்லை. பதினொரு பேர் என்றால் முதல் நாளே போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள், தொலைபேசியில் அல்ல, நேரில். அப்போதே சைவம் எத்தனை பேர் என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுத்துவிடலாம். நான் எழுதிய துண்டை அந்தக் கடைக்காரர் இன்னும் பியர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்.